தேய்ந்த மில்லிங் மெஷினுக்கு டிஆர்ஓ பூட்டுவோம்

வணக்கம் உறவுகளே! கிளிநொச்சியில் எங்கள் பட்டறைக்குள் இருந்து பேசுகிறேன். பெரும்போக அறுவடை முடிந்துவிட்டது, அறுவடை மெஷின் வேலைகளும் லேன்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு மெஷின்) வேலைகளும் கொஞ்சம் குறைந்திருக்கின்றன. இந்த நேரத்தில், சுழலும் கட்டரால் இரும்பை வெட்டுகிற மில்லிங் மெஷினுக்கு டிஆர்ஓ பூட்டுகிறோம். டேபிள் எவ்வளவு நகர்ந்தது என்பதை இலக்கத்தில் காட்டுகிற சாமான் அது.

முதலில் இந்தக் கைச்சக்கரத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் சுற்றிவிட்டு மறுபக்கம் திருப்புகிறேன். டயல் அரை மில்லிமீற்றர் ஓடுகிறது, டேபிள் அசையவே இல்லை. ஸ்குரூவும் நட்டும் தேய்ந்ததால் வந்த பிளே அது. டிஆர்ஓ ஸ்குரூவை நம்புவதில்லை, டேபிளையே நேராக அளக்கிறது. அதனால் பல கை மாறி வந்த இப்படியான மெஷினுக்குத்தான் அது கட்டாயம் வேண்டும் என்பேன். ஆனால் பூட்டியதும் பிளே போய்விடாது. கட்டர் டேபிளை இழுக்கத்தான் பார்க்கும். வெட்டும்போது அசையத் தேவையில்லாத அச்சை இறுக்கிப் பூட்டுகிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

சரி, எதை வாங்குவது? திரையின் அழகைப் பார்க்க வேண்டாம், ஸ்கேலைப் பாருங்கள். மெஷினில் பூட்டுகிற அளவுகோல் அது, அதில் ஓடுகிற ஒரு தலைதான் தூரத்தை வாசிக்கிறது. காந்த ஸ்கேல் எண்ணெய்க்கும் தூசுக்கும் நன்றாகத் தாக்குப்பிடிக்கும், நாடாவைத் தேவையான நீளத்துக்கு வெட்டலாம், ஆனால் விலை கூட. எங்கள் வேலைக்கு 5 மைக்ரோன் கண்ணாடி ஸ்கேலே போதும். மைக்ரோன் என்றால் மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒன்று. தேய்ந்த மெஷினில் 1 மைக்ரோன் ஸ்கேலைப் போட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும், அதற்குக் காசு கொடுக்காதீர்கள். மூன்று அச்சுக்கும் காசு காணாவிட்டால் எக்ஸ் (இடம் வலம்), வை (முன் பின்) இரண்டையும் முதலில் வாங்குங்கள். இசட்டை (மேல் கீழ்) பிறகு பார்க்கலாம்.

நீளம் சொல்லும்போது டேபிளின் நீளத்தைச் சொல்லக்கூடாது. அது ஓடுகிற தூரத்தை அளந்து, இரண்டு முனையிலும் கொஞ்சம் கூட்டிச் சொல்லுங்கள். ஸ்கேலின் முழு நீளம் அளக்கும் நீளத்தைவிடக் கூடுதலாக இருக்கும், அந்த இடமும் மெஷினில் வேண்டும். எக்ஸ் ஸ்கேலை டேபிளின் பின்பக்கம் பூட்டினால் சிவலும் (வெட்டும்போது விழுகிற இரும்புச் சுருள்) தண்ணீரும் குறைவாகப் படும், ஆனால் டேபிள் தூணுக்குக் கிட்டப் போகிற தூரம் ஸ்கேலின் தடிப்பளவு குறையும். முன்பக்கம் என்றால் பூட்டுப் பிடிகள் மறைபடும். நான் பின்பக்கம்தான், அதுவும் ஒல்லி ஸ்கேல்.

இனிப் பூட்டுகிற வேலை. அதற்கு முன் கிப்பை, அதாவது டேபிள் ஓடுகிற தடத்தில் இடைவெளியைச் சரிசெய்கிற பட்டையை, இறுக்கிச் சரிசெய்யுங்கள். டேபிளே வளைந்து வளைந்து ஓடினால் ஸ்கேல் ஒன்று சொல்லும், கட்டர் நிற்கிற இடம் வேறாக இருக்கும்.

கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன், இந்த இடத்தைப் பாருங்கள். டேபிளின் பின்பக்கம் கடைசல் படாத வார்ப்பு, பெயின்ட்டும் மேடு பள்ளமும். இதில் ஸ்கேலை நேராக இறுக்கினால் அது முறுகும். அதனால் ஒரு அலுமினியப் பட்டையைப் போட்டு, நாலு இடத்தில் தள்ளுகிற ஸ்குரூ வைத்திருக்கிறேன். டயல் கேஜை (சிறு அசைவையும் முள்ளால் காட்டுகிற கருவி) அசையாத இடத்தில் பிடித்து, டேபிளை ஒரு முனையில் இருந்து மறுமுனைக்கு ஓட்டி, ஸ்கேலின் முகத்தையும் மேல்பக்கத்தையும் பார்க்கிறேன். 0.1 மில்லிமீற்றருக்குள் வரும்வரை விடமாட்டேன். சாய்ந்தால் அளவு பிழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 500 மில்லிமீற்றருக்கு 1 மில்லிமீற்றர் சாய்ந்தாலும் அளவில் வருகிற பிழை 1 மைக்ரோன்தான். உண்மையான ஆபத்து உள்ளே ஓடுகிற தலைக்கு. அது இழுபட்டு உராய்ந்தால் கண்ணாடி போய்விடும். தலையோடு வருகிற பிளாஸ்ரிக் கவ்விகளை, எல்லாம் இறுக்கி முடியும்வரை கழற்ற வேண்டாம்.

ஸ்கேலின் வாயை மூடுகிற ரப்பர் உதடுகள் கீழே பார்க்க வேண்டும். கோடையில் எங்கள் செம்மண் தூசு கதவு பூட்டியிருந்தாலும் உள்ளே வரும், மேலே பார்த்த உதட்டுக்குள் நேராக இறங்கிவிடும். மேலே ஒரு தகட்டு மூடியும் போடுங்கள். காற்றுக் குழாயால் அந்தப் பக்கம் ஊதவே ஊதாதீர்கள்.

வயரை டேபிள் முழுதாக ஓடுகிற அளவுக்குத் தளர்த்தி விடுங்கள். பட்டறையில் வெல்டிங் பிளான்ட்டும் அதே லைனில் இருந்தால் இலக்கம் துள்ளலாம். திரையின் எர்த் வயரை மெஷின் உடம்போடு சேர்த்து, மெஷினையும் ஒழுங்காக எர்த் பண்ணுங்கள்.

கடைசியாகச் சோதனை. ஸ்லிப் கேஜ் (துல்லியமான அளவுக் கட்டை) இல்லாவிட்டாலும் புது 6205 பெயரிங் எந்தக் கடையிலும் கிடைக்கும். வெளி விட்டம் 52 மில்லிமீற்றர், அது மில்லிமீற்றரின் நூறில் ஒன்றிரண்டுக்குள் நிற்கும். வைஸில் மெதுவாகப் பிடித்து, வை அச்சில் இரண்டு பக்கமும் தொட்டு, திரையில் அளவைப் பாதியாக்குகிற பொத்தானை அமத்தி நடுவுக்கு வாருங்கள். பிறகு எக்ஸில் 10 மில்லிமீற்றர் எட்ஜ் ஃபைண்டரால் (விளிம்பைத் தொட்டுக் கண்டுபிடிக்கிற கருவி) இரண்டு பக்கமும் தொடுங்கள். 52உம் 10உம் சேர்ந்து 62 வரவேண்டும். திரையைப் பாருங்கள்: 61.990. இது போதும், இனிப் பம்ப் ஃபிளாஞ்சுக்கு 100 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் ஆறு துளை போடுவோம். இரண்டாவது துளை நடுவில் இருந்து எக்ஸ் 25, வை 43.30. கடதாசியில் சைன் பார்த்துக் கணக்குப் போட்ட அந்த இலக்கங்களை இனி மெஷினே தரும்.