பனம்பழத்தின் நுரை

பெருமதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பிரதேச செயலாளர் அவர்களே, எமது கோயிலின் பிரதம குருக்கள் ஐயா அவர்களே, எனக்கு இரசாயனவியலின் அரிச்சுவடியைக் கற்பித்து, இன்று கைத்தடியை ஊன்றி வந்து என் பேச்சைக் கேட்க முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆசிரியப் பெருந்தகை அவர்களே, வாசிகசாலை அங்கத்தவர்களே, தாய்மாரே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிக் கூறிய அன்பு மொழிகளுக்கும், நேற்று மாலை முதல் இம்மண்டபத்தைக் கூட்டிக் கழுவி, வாசலில் தோரணம் கட்டிய இளைஞர்களுக்கும் முதலில் நன்றி கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

தாவரங்களிலுள்ள சப்போனின்கள் என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. அவற்றின் இரசாயனம், மருத்துவப் பயன் என இரண்டு பகுதிகளாகப் பேச எண்ணி வந்துள்ளேன். ‘ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தார்கள். நல்லது கிடைக்காத இடத்தில் மட்டமானதே பெரிது என்று நாம் அதற்குப் பொருள் கொள்கிறோம். ஆனால் இலுப்பைப் பூவில் இருப்பதும் உண்மையான சர்க்கரைதான். அந்த மரத்தின் பூ இனிக்கிறது. விதையில் எண்ணெய் ஆட்டிய பின் மிஞ்சும் பிண்ணாக்கோ கைக்கிறது, தண்ணீரில் கரைத்தால் நுரைக்கிறது, குளத்தில் இட்டால் மீன்களைக் கொல்கிறது. கைப்பு, நுரை, மீன் நஞ்சு ஆகிய மூன்றுக்கும் காரணம் சப்போனின்.

சவர்க்காரத்தைக் குறிக்கும் ‘சாப்போ’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. சப்போனின் மூலக்கூற்றின் ஒரு பக்கத்தில் வெல்லத் தொடர், அதாவது சர்க்கரை அலகுகளின் தொடர், இருக்கிறது. அது நீரை நாடும். மறுபக்கத்தில் 30 காபன் அணுக்களைக் கொண்ட ட்ரைதேர்ப்பீன் என்னும் சட்டகமோ, 27 காபன் அணுக்களைக் கொண்ட ஸ்டீரொயிட் என்னும் சட்டகமோ இருக்கிறது. அது எண்ணெயை நாடும். ஒரு கையால் நீரையும் மறு கையால் அழுக்கையும் பற்றும் இந்த இயல்பினாலேயே அது கழுவுகிறது. நமது கிணறுகள் சுண்ணாம்புக் கல்லைத் துளைத்தவை. அந்த வன்னீரில் கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து வெள்ளைத் திரையாகப் படிவதால் எளிதில் நுரை எழுவதில்லை. சப்போனின் பெரும்பாலும் அவ்வாறு திரள்வதில்லை. ஆகவே சீயக்காயும் பூவந்திக் கொட்டையும் அரப்பும் வன்னீரிலும் நுரைக்கும்.

நான் ஆசிரியராக இருந்த காலத்தில் இதை அறிந்திருக்கவில்லை. 1990களில், போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையின்போது, ஒரு சவர்க்காரக் கட்டி கிடைப்பதே பெரும்பாடாயிருந்தது உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். என் தாயார் பனம்பழத்தைச் சுட்டு எங்களுக்குத் தந்தது போக, மீதியைப் பெரிய சருவத்திலே பிசைந்து, தும்பை எடுத்தெறிந்துவிட்டு, அந்தக் களியைப் பூசி என் வெள்ளைச் சேட்டைக் கிணற்றடிக் கல்லில் தோய்த்தார். நுரை வந்தது, அழுக்கும் போனது, வெள்ளை மட்டும் சற்று மஞ்சளானது. அதைக் கிடுகு வேலியில் காயப்போட்டுவிட்டு உள்ளே போனார். மறுநாள் காலை மாணவருக்குச் சோதனை நடத்த நான் போட இருந்த ஒரே நல்ல சேட்டு அது. அரைமணி நேரம் கழித்துப் பார்த்தால், அயல் வீட்டுப் பசு வேலிக்கு மேலாகக் கழுத்தை நீட்டி, வலது கையை முழங்கை வரை மென்று கொண்டிருந்தது. பனம்பழ வாசனை அதைக் கூட்டி வந்திருக்கிறது. ஓடிவந்த அயலட்டைப் பெரியம்மா, “தம்பி, மாட்டை அடியாதை மோனை, அது பழம் எண்டெல்லோ நினைச்சது” என்று சொல்லி, தம் மகனுடைய சேட்டொன்றை எடுத்து வந்து தந்தார். அடுத்த நாள் அதைப் போட்டுக்கொண்டுதான் வகுப்பில் நின்றேன். கொழுப்பமிலத்தின் சோடியம் உப்பே சவர்க்காரம் என்று கரும்பலகையில் எழுதினேன். என் வீட்டுச் சருவத்திலிருந்த நுரையைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. அக்குறை இன்றும் என் மனத்தில் இருக்கிறது.

பனங்களியின் கைப்புக்குக் காரணமான சேர்மங்கள் பிளபெலிஃபெரின்கள் எனப்படுகின்றன. அவை ஸ்டீரொயிட் வகைச் சப்போனின்கள். குளுக்கோசும் ராம்னோசும் அவற்றின் வெல்லங்கள். நமது நாட்டு ஆய்வாளர்களே அவற்றைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்றால், தடைக்காலத்து யாழ்ப்பாணத்துக்குப் பனங்களியே சவர்க்காரம். அது மட்டமானதன்று, நம்மைத் தாங்கியது.

மருத்துவத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாம் சம்பல் அரைக்கும் வல்லாரையில் ஆசியாற்றிக்கோசைட்டு என்னும் சப்போனின் உண்டு. புண் ஆற்றும் களிம்புகளில் அது சேர்கிறது. சிலி நாட்டுக் குயிலாயா மரப்பட்டையின் சப்போனின், அக்கி நோய்த் தடுப்பூசியிலும் மலேரியாத் தடுப்பூசியிலும் உடலின் எதிர்ப்பைத் தூண்டும் துணைப்பொருளாகச் சேர்க்கப்படுகிறது. அந்த மரத்தை அந்நாட்டார் பேணுகிறார்கள். நாமோ போரில் தலையிழந்தவை போக எஞ்சிய பனைகளையும், மதில் கட்டவும் வீடு கட்டவும் தறித்துக் கொண்டிருக்கிறோம். ஒரு வடலி பனையாகிக் காய்க்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள் செல்லும். தறிப்பதற்கு அரைநாள் போதும். பிரதேச செயலாளர் அவர்கள் இங்கே இருப்பதால் பணிவோடு கேட்கிறேன்: வீதியோரங்களிலும் குளக்கட்டுகளிலும் பனை விதை ஊன்ற இடம் ஒதுக்கித் தாருங்கள், ஊன்றும் வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

மாணவர்கள் ஆவணி முதல் பொறுக்கிய பனங்கொட்டைகள் வாசலின் இடப்புறம் சாக்குகளில் இருக்கின்றன. ஆளுக்கு ஐந்து எடுத்துச் செல்லுங்கள். ஐப்பசி மழை இறங்குவதற்கு முன் ஊன்றிவிட வேண்டும். ஊன்றிய இடத்தை வாசலிலுள்ள கொப்பியில் எழுதிவிட்டுப் போங்கள், தை மாதம் வந்து பார்ப்போம்.