முத்துவின் குருவி

வணக்கம். பறவை பார்க்கப் போகிறவன் நான் என்று தெரிந்ததும் பலரும் கேட்கிற முதல் கேள்வி, "அந்த வெள்ளை வால் குருவியைப் பார்த்திருக்கீங்களா?" என்பதுதான். அரசவால் ஈபிடிப்பானைச் சொல்கிறார்கள். பார்த்திருக்கிறேன், பல தடவை. அதற்காகக் காட்டுக்குள் போக வேண்டும் என்றுகூட இல்லை. குளிர்காலத்தில் சென்னைக்குள்ளேயே, கிண்டி தேசியப் பூங்காவிலும் அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்திலும் கொஞ்சம் பொறுமையாக மரநிழலில் நின்றால் பார்க்கக் கிடைக்கும். பெரும்பாலும் காவி நிறத்தில்தான் வரும், அதைப் பார்த்து ஏமாந்து போகாதீர்கள். பெண்ணும் காவி, இளம் ஆணும் காவி. வயது ஏறிய பிறகுதான் ஆண் வெள்ளையாகி, உடம்பைவிட நீளமான இரண்டு ரிப்பன் இறகுகளை இழுத்துக்கொண்டு பறக்கிறது. இலங்கையில் இன்னொரு வேடிக்கை. அங்கேயே வாழும் ஆண்கள் கடைசிவரை காவிதான், வெள்ளை உடுத்தி வருவதெல்லாம் இந்தியாவிலிருந்து குளிருக்குப் போகிறவை. சிங்களத்தில் அந்த வெள்ளையனுக்கு 'ரெதி ஹொரா' என்று பெயர், அதாவது துணித் திருடன். கொடியில் காய்ந்த வேட்டியை உருவிக்கொண்டு ஓடுகிற மாதிரிதான் இருக்கும் அது பறக்கிறபோது.

ஆனால் ஒரு விஷயம். பெயரில் ஈபிடிப்பான் இருந்தாலும் இது உண்மையான ஈபிடிப்பான் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. தனிக் குடும்பம், காக்கைக்கும் கரிச்சானுக்கும்தான் கிட்டத்துச் சொந்தம். அதே நேரம், விடியற்காலையில் உங்கள் வீட்டு மொட்டைமாடி ஆன்டெனாவில் உட்கார்ந்து பாடுகிற குண்டுக்கரிச்சான் உண்மையான ஈபிடிப்பான் குடும்பத்தில் வருகிறது! பெயரைப் பார்த்து உறவு சொன்னால் இப்படித்தான் ஆகும்.

சரி, ஈபிடிப்பானை எப்படிப் பார்ப்பது? துரத்தாதீர்கள், அவ்வளவுதான். நான் ஆரம்பத்தில் பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு குருவிக்குப் பின்னாலும் ஓடி, முள்ளில் சட்டையைக் கிழித்துக்கொண்டு ஒன்றையும் உருப்படியாகப் பார்க்காமல் திரும்பியவன். இந்தக் குருவிகள் ஒரு கொம்பைத் தேர்ந்தெடுத்து உட்காரும், பூச்சி தென்பட்டால் சட்டென்று பாய்ந்து காற்றிலேயே கவ்வும், பல சமயம் திரும்பி அதே கொம்புக்கே வந்துவிடும். அலகு தட்டையாக, அடியில் அகலமாக இருக்கும், வாயைச் சுற்றி மீசை மாதிரி விறைப்பான மயிர்கள் வேறு. ஆகவே கொம்பைக் கண்டுபிடித்துவிட்டால் குருவியைக் கண்டுபிடித்த மாதிரிதான். பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். செல்போனில் குரலை ஓடவிட்டுக் கூப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள், ஒருமுறை என் பக்கத்தில் நின்றவர் அப்படிச் செய்து, சாப்பிட்டுக்கொண்டிருந்த குருவியைப் பதறடித்துவிட்டார். தயவுசெய்து வேண்டாம்.

மலையேற முடிந்தவர்களுக்கு நீலகிரியும் கொடைக்கானலும் ஒரு பொக்கிஷம். சோலைக்காட்டின் ஓரத்தில், தொட்டபெட்டா ஆகட்டும், கோத்தகிரி லாங்வுட் சோலை ஆகட்டும், காலை பனி விலகும் நேரத்தில் போனால் இரண்டு பேரைச் சந்திக்கலாம். ஒருவர் நீலகிரி ஈபிடிப்பான், கருநீலம், மரத்தின் நடுக்கிளைகளில் இருப்பார். இன்னொருவர் கருப்பும் ஆரஞ்சுமாக, தரைக்குக் கொஞ்சம் மேலே, புதருக்குள்ளேயே வளைய வருவார், நம்மைக் கண்டு அவ்வளவாகப் பயப்படவும் மாட்டார். இரண்டுமே மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்தில் வேறு எங்கும் இல்லாதவை. ஒரு எச்சரிக்கை: குளிர்காலத்தில் இமயமலையிலிருந்து இன்னொரு நீலக் குருவி இறங்கி வரும், பச்சை கலந்த பளீர் நீலம், கண்ணுக்கும் அலகுக்கும் நடுவே கருப்பு. அதைப் பார்த்துவிட்டு நீலகிரிக்காரன் என்று குறித்துவைத்தவர்கள் நிறைய பேர், நானும் ஒருவன். வால் தொடங்குகிற இடத்தில் இரு பக்கமும் வெள்ளைத் திட்டு இருந்தால்தான் நம் ஊர்க்காரன்.

நுவரெலியா போகிறவர்கள் விக்டோரியா பூங்காவை விட்டுவிடாதீர்கள். காஷ்மீரில் குஞ்சு பொரித்துவிட்டு, அக்டோபர் வாக்கில் இலங்கை மலைநாட்டுக்கு வந்து சேருகிற காஷ்மீர் ஈபிடிப்பானை அந்தப் பூங்காவின் மரங்களுக்கு நடுவே நடைபாதையிலிருந்தே பார்க்கலாம். நீலகிரிக்கும் கொஞ்சம் வருகின்றன. உலக அளவில் எண்ணிக்கை குறைந்துவரும் பறவை அது, ஆனால் அங்கே ஐஸ்கிரீம் சாப்பிடுகிற கூட்டத்துக்குப் பக்கத்திலேயே பூச்சி பிடித்துக்கொண்டிருக்கும்.

அழகான குருவிகள் எல்லாம் இருக்கட்டும். எனக்குப் பிடித்தது, ஒருவரும் கேட்காத ஒரு பழுப்புக் குருவி. பழுப்பு மார்பு ஈபிடிப்பான் என்று சொல்கிறோம். அறிவியல் பெயர் மஸ்கிகாப்பா முத்துய். ஆமாம், முத்து. நம் முத்துதான்! பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் வேலை பார்த்த லேயார்ட் என்ற ஆங்கிலேயரிடம் முத்து என்ற தமிழர் பணியாளாக இருந்தார். பருத்தித்துறையில் ஒருநாள் இந்தக் குருவியைக் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான். 1854இல் லேயார்ட் அதைப் புதிய இனமாக எழுதியபோது முத்துவின் பெயரையே வைத்தார். அந்தக் காலத்தில் பறவைகளுக்குத் தளபதிகள், துரைமார்கள், அவர்களுடைய மனைவிமார்கள் பெயர்தான் போகும். பிடித்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் காணாமல் போனார்கள். முத்துவைப் பற்றியும் இதற்கு மேல் அதிகமாக யாரும் எழுதி வைக்கவில்லை. பெயர் மட்டும் குருவியோடு சேர்ந்து பறக்கிறது.

இந்தக் குருவி வடகிழக்கு இந்தியா, மியான்மர், தென் சீனப் பக்கம் கூடு கட்டி, குளிர்காலத்தை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் கழிக்கிறது. ஈரமான, இருட்டான காட்டின் கீழ்த்தட்டு அதற்குப் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால் கிட்டத்தட்ட இதே மாதிரி இன்னொரு பழுப்பு ஈபிடிப்பானும் குளிர்காலத்தில் ஊரெல்லாம் வரும். இரண்டுக்கும் பெரிய கண், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். காலைப் பார்க்க வேண்டும். ஊருக்கெல்லாம் வருவதன் கால் கருமை, முத்துவின் குருவிக்கு வெளிர் மஞ்சள்.

கேரளத்தில் பெரியாற்றங்கரையில் இருக்கிற தட்டேக்காடு சரணாலயத்துக்கு இதற்காகவே மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை, ஜனவரி, காலை ஏழு மணி இருக்கும், பாதை ஓரத்து மூங்கிலுக்குள் ஒன்று உட்கார்ந்திருந்தது. கண் தெரிகிறது, மார்பு தெரிகிறது, கால் மட்டும் ஒரு இலைக்குப் பின்னால். கூட வந்த நண்பர் என் தோளைத் தட்டி இருவாச்சி பறக்கிறது, பார், பார் என்கிறார். நான் திரும்பவே இல்லை. கொசு கடிக்கிறது, கை வலிக்கிறது. கடைசியில் அது எழும்பி ஒரு பூச்சியைக் கவ்விக்கொண்டு, அதே கொம்பில், ஆனால் இலைக்கு இந்தப் பக்கமாக வந்து உட்கார்ந்தது.

மஞ்சள் கால்.