கண்ணாடிக் குழாயில் இருபது நிமிடம்

(சேலத்தில் முதுநிலை மருத்துவ மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவரைப் பேச விட்டிருக்கிறார்கள். உங்களில் பாதிப் பேர் நைட் ட்யூட்டி முடித்து நேராக இங்கே வந்திருக்கிறீர்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. தூக்கம் வந்தால் தூங்குங்கள், நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

மருத்துவக் கல்லூரியில் ஆராய்ச்சி என்றால் உங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது தீசிஸ், அதாவது பட்டத்துக்கான ஆய்வேடுதான். அதனால் என் தீசிஸிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கறுப்பு ரெக்சின் அட்டை, தங்க எழுத்து. தலைப்பு என்னுடையது இல்லை. இரண்டு வருடம் முன்னால் முடித்துப் போன சீனியருடையது, நோயின் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டேன். மொத்தம் நூறு நோயாளிகள். ஏன் நூறு? சதவீதம் போடச் சுலபம், அவ்வளவுதான். தேர்வுக்கு வந்த எக்ஸாமினர் அதைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இதனால் உன் வார்டில் என்னப்பா மாறப்போகுது?" நான் திருதிருவென்று முழித்தேன். நல்ல மனுஷர், பாஸ் போட்டுவிட்டார்.

இன்றைக்கு உங்களிடம் எனக்குச் சொல்ல இருப்பது அந்தக் கேள்விதான். விடை "ஆம்" என்றால் நாளைக் காலை ரவுண்ட்ஸில் ஒன்று செய்வீர்கள், "இல்லை" என்றால் வேறொன்று செய்வீர்கள். அப்படிப்பட்ட கேள்வியை மட்டும் எடுங்கள். இரண்டுக்கும் அதே மாத்திரையைத்தான் எழுதப்போகிறீர்கள் என்றால் மூன்று வருடம் எதற்கு?

இந்த ஊருக்கு வரும் நோயாளிகளை நினைத்துப் பாருங்கள். ஆத்தூர், வாழப்பாடிப் பக்கம் மரவள்ளிக் காட்டில் வேலை செய்பவர், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் பழம் பறிப்பவர், கல்வராயன் மலையிலிருந்து தூக்கிக்கொண்டு வரப்படுபவர். பாம்புக்கடிக்குப் பஞ்சமே இல்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று ஒரு மதிப்பீடு இருக்கிறது. தமிழக அரசு இதை அறிவிக்கப்பட வேண்டிய நோயாக ஆக்கியதே 2024இல்தான்.

பாம்புக்கடியில் நாம் செய்யும் முதல் சோதனை எது? இரண்டு மில்லி ரத்தத்தை எடுத்துச் சுத்தமான, காய்ந்த கண்ணாடிக் குழாயில் விட வேண்டும். ஆட்டாமல் இருபது நிமிடம் வைக்க வேண்டும். அப்புறம் ஒரே ஒரு தடவை சாய்த்துப் பார்க்க வேண்டும். ரத்தம் உறையாமல் ஓடினால், கடித்தது பெரும்பாலும் கண்ணாடி விரியனோ சுருட்டை விரியனோதான் என்று எடுத்துக்கொண்டு விஷமுறிவு மருந்தைத் தொடங்கலாம். மெஷின் வேண்டாம், கரண்ட் வேண்டாம். கட்டுவிரியன், நல்ல பாம்பு விஷயத்தில் இது உதவாது. அவற்றின் விஷம் நரம்பைத்தான் தாக்கும், அங்கே இமை தொங்குகிறதா, மூச்சு திணறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில் ஒரு மழைக்காலம். ஒரு வாரமாக வந்தவர்கள் எல்லோருக்கும் ரத்தம் உறையவில்லை. கடித்த இடத்தில் வீக்கம்கூட இல்லாதவருக்கும் உறையவில்லை. நாங்கள் பாட்டில் பாட்டிலாக விஷமுறிவு மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தோம். இந்த வருடம் விரியன் அதிகம் என்று நானே ஒரு தியரி வேறு சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒரு ராத்திரி ஹவுஸ் சர்ஜன் பெண் ஒருத்தி, இருபத்துமூன்று வயதுகூட இருக்காது, "சார், என் ரத்தத்தை விட்டுப் பார்க்கட்டுமா?" என்றாள். விட்டோம். இருபது நிமிடம் கழித்துச் சாய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது! அவளை எந்தப் பாம்பும் கடிக்கவில்லை.

விஷயம் என்னவென்றால், கண்ணாடிக் குழாய் தீர்ந்துபோய் ஸ்டோரிலிருந்து பிளாஸ்டிக் குழாய் அனுப்பியிருந்தார்கள். ரத்தம் உறையும் வேலையை இந்தச் சோதனையில் தொடங்கிவைப்பதே கண்ணாடியின் மேற்பரப்புதான். பிளாஸ்டிக்கில் அது சரியாக நடக்காது. சோப்புப் போட்டுக் கழுவிய கண்ணாடியும் ஏமாற்றும். நாங்கள் ஐந்தாறு டாக்டர்கள் குழாயைக் கையில் பிடித்துப் பார்த்தவர்கள்தான். பிளாஸ்டிக் என்று கண்ணுக்குத் தெரிந்தது, மண்டைக்குத் தெரியவில்லை. புத்தகத்தில் கண்ட்ரோல் குரூப் என்று படிக்கிறோமே, அந்தப் பெண் செய்தது அதைத்தான். கடிபடாத ஒருவருக்கு இந்தச் சோதனை என்ன சொல்கிறது என்று கேட்டாள். அந்த ஒரு வாரத்தில் தேவையில்லாமல் மருந்து ஏறியவர்களில் இருவருக்கு உடம்பெல்லாம் தடித்து, பிரஷர் இறங்கிப் பாடாய்ப் பட்டார்கள். அந்தக் கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது.

விஷமுறிவு மருந்தால் வரும் அந்த ஒவ்வாமையைத் தடுக்கத்தான் மருந்து ஏற்றும் முன்பே ஸ்டீராய்டு ஊசியும் ஒவ்வாமைக்கான ஊசியும் போடும் பழக்கம் வந்தது. யார் ஆரம்பித்தார்கள் என்றே தெரியாது, சீனியர் போட்டார், நாமும் போட்டோம். இலங்கையில் 1,007 நோயாளிகளை வைத்து இதைச் சோதித்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. குறைந்த அளவு அட்ரினலினை முன்கூட்டியே கொடுத்தபோது கடுமையான ஒவ்வாமை முதல் ஒரு மணி நேரத்தில் 43 சதவீதம் குறைந்தது. ஸ்டீராய்டான ஹைட்ரோகார்ட்டிசோனும் ஒவ்வாமை மருந்தான புரோமெத்தசினும் உதவவில்லை. அட்ரினலினோடு ஹைட்ரோகார்ட்டிசோனைச் சேர்த்தால் அட்ரினலினின் பலனும் போனது. நம்மைப் போலவே பாம்புக்கடி வார்டு நடத்துகிற ஒரு நாட்டில் செய்த ஆய்வு இது.

நம் மாநிலத்துக்கே வருவோம். காசநோய்க்காரரைச் சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கவைத்து, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, முழு ஓய்வு கொடுப்பதுதான் ஒரு காலத்தில் உலகம் முழுக்க வைத்தியம். இந்தியாவில் அத்தனை படுக்கைக்கு எங்கே போவது? 1956இல் சென்னையில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். இப்போது சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் வழிநடத்தினார். 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானட்டோரியத்துக்கு, மறு பாதி அவரவர் வீட்டுக்கு. இரு தரப்புக்கும் ஒரு வருடம் அதே மாத்திரை. வீடு என்றால் சென்னையின் நெரிசலான வீடுகள், அரைவயிற்றுச் சாப்பாடு, வேலை செய்தே ஆக வேண்டிய உடம்பு. 1959இல் முடிவு வந்தது. வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய சானட்டோரியத்தில் இருந்தவர்கள் அளவுக்கே தேறியிருந்தார்கள். வீட்டிலேயே வைத்திருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை.

உலகம் சானட்டோரியங்களை மூட ஆரம்பித்ததற்குப் பின்னால் இந்தச் சென்னை ஆய்வு இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த பகுதி வேறு. மாத்திரை நிஜமாகவே வயிற்றுக்குள் போகிறதா என்று தெரிந்துகொள்ள, சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள். தெருத்தெருவாக நடந்தவர்களின் உழைப்பு அது. நம் கேஸ் ஷீட்டில் முகவரி என்ற இடத்தில் "ஏற்காடு" என்று மட்டும் எழுதுகிறோமே, அவர்கள் பார்த்தால் அழுவார்கள்.

விடை "இல்லை" என்று வந்தாலும் பயப்படாதீர்கள். 1968இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பி.சி.ஜி. என்ற காசநோய்த் தடுப்பூசி ஆய்வு லட்சக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்து, பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்றது. சொன்னவர்களைப் பலருக்குப் பிடிக்கவில்லை. காசநோயில் சிறு குழந்தைகளுக்கு வரும் மூளைக் காய்ச்சல் வகையை அது தடுப்பதால்தான் பிறந்தவுடன் போடுவது இன்றும் தொடர்கிறது. எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துத் தெரிந்ததே அப்படித்தான்.

தலைப்பு கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் நாள் முழுக்கப் புகைக்கு நடுவே கொலுசுக்குப் பற்றவைப்பவரின் நுரையீரல் எப்படி இருக்கிறது? தறிச் சத்தத்தில் முப்பது வருடம் இருந்தவருக்குக் காது எவ்வளவு கேட்கிறது? ஃப்ளோரைடு தண்ணீர் குடித்துப் பல்லில் காவி ஏறிய கிராமத்தில், தண்ணீரை மாற்றிய பிறகு பிறந்த பிள்ளைகளின் பல் எப்படி இருக்கிறது? எதற்கும் கோடி ரூபாய் மெஷின் தேவையில்லை. ஆனால் எத்தனை பேரைப் பார்க்க வேண்டும் என்று புள்ளியியல்காரரை ஆரம்பத்திலேயே கேளுங்கள். டேட்டாவை எல்லாம் சேர்த்துவிட்டு அவரிடம் போவது, குழம்பு கொதித்து இறக்கின பிறகு உப்பு எவ்வளவு என்று கேட்கிற மாதிரி.

அப்புறம், ஆய்வில் சேர நோயாளி சம்மதம் தரும் ஒப்புதல் படிவம். ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டிக்குத் தலைவர் வெளியாளாக இருக்க வேண்டும், மருத்துவம் படிக்காத பொது ஆள் ஒருவரும் உட்கார வேண்டும் என்பது விதி. நான் இருந்த கமிட்டியில் அப்படி ஒரு தமிழாசிரியர் இருந்தார். ஒரு படிவத்தைப் படித்துவிட்டு, "டாக்டர், இது என்ன பாஷை?" என்றார். தமிழ்தான் ஐயா என்றோம். "நாற்பது வருஷம் தமிழ் சொல்லிக்கொடுத்த எனக்கே புரியலையே" என்றார். அன்றைக்கு மூன்று படிவங்களைத் திருப்பி அனுப்பினோம்.

கடைசியாக என் மாணவன் ஒருவனுடைய தீசிஸ். ஒரு வருடத்துக்குள் வருகிற தகுதியான நோயாளிகளை எல்லாம் சேர்ப்பது என்று திட்டம். டிசம்பர் கடைசி வாரம் வந்த மலைக்கிராமத்து ஆயா நூறாவது ஆள். அவன் படிவத்தை நீட்டினான். ஆயா ஸ்டாம்ப் பேடைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். "ஏஞ்சாமி, இதுல கைநாட்டு வெச்சாத்தான் மாத்திரை குடுப்பீங்களா?"

"இல்லைங்க ஆயா. வைக்கலைன்னாலும் அதே மாத்திரைதான்."

"அப்ப வேண்டாஞ்சாமி."

மாத்திரையை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார். பையன் என் ரூமுக்கு வந்து, சார், ஒருத்தர்தானே, ஜனவரியில் ஒரு ஆளைப் பிடித்து நூறாக்கிவிடட்டுமா என்றான். மறுத்தவர் ஒருவர் என்று எழுது, 99 பேருக்குக் கணக்குப் போடு என்றேன். அந்தத் தீசிஸில் சதவீதமெல்லாம் புள்ளி வைத்துத்தான் இருக்கும்.