எலிக்கு வீக்கம் வடிஞ்சுது, எனக்கு வடியுமா? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "முடக்கத்தானை எலிக்குக் குடுத்து வீக்கம் வடிஞ்சதா ஆய்வு இருக்கே, அப்புறமும் மூட்டு வலிக்கு அது கேட்கும்னு சொல்ல ஏன் இழுக்கிறீங்க?" ரொம்ப நியாயமான கேள்விம்மா. அந்த 'வடிஞ்சது' எப்படி அளக்குறாங்கன்னு பார்த்தாலே பாதி பதில் வந்துடும்.

வீக்கம் வர வைக்க எலியோட பின்னங்கால் பாதத்துல கராஜினன் ஊசி போடுவாங்க. சிவப்புக் கடல்பாசியில எடுக்கிற பசை. ஐஸ்கிரீம் கெட்டியா நிக்கச் சேர்க்கிறாங்களே, அந்த இனம்தான். 1 சதவீதக் கரைசல், 0.1 மில்லி. 1962-ல வந்த முறை, இன்னிக்கும் ஓடுது. மருந்தை ஒரு மணி நேரம் முன்னாடியே வாய்வழியா குடுத்துடணும். ஒரு கூட்டத்துக்கு மருந்தில்லாத வெறும் கரைசல், ஒரு கூட்டத்துக்கு இண்டோமெதசின்ங்கிற வீக்க மாத்திரை மருந்து, மத்த கூட்டங்களுக்கு மூலிகை. அப்புறம் மணிக்கு ஒரு தடவை பாதத்தைத் திரவத்துல முக்கி, எவ்வளவு திரவம் ஏறுதுன்னு பார்ப்பாங்க.

கணுக்கால்ல மார்க்கர்ல கோடு போட்டு, ஒவ்வொரு தடவையும் அந்தக் கோடு வரைக்கும்தான் முக்கணும். கொஞ்சம் ஆழமா போனாலும் வீக்கம் கூடின மாதிரி காட்டும். அளக்குற ஆளுக்கு எது எந்தக் கூட்டம்னு தெரியக் கூடாது. தெரிஞ்சா கை தானா மேல கீழ போகும். ஊசியைச் சடார்னு உருவினா கரைசல் வெளியே கசிஞ்சிடும். அந்த எலிக்கு வீக்கமே வராது, பேரு மூலிகைக்குப் போயிடும்!

வலிக்கு வேற சோதனை. சுண்டெலி வயித்துல நீர்த்த அசிட்டிக் அமிலம் போட்டு, எத்தனை தடவை உடம்பை முறுக்குதுன்னு எண்ணுவாங்க. தூக்கம் வர வைக்கிற சரக்கும், தசையைத் தளர்த்துற சரக்கும் அந்த முறுக்கலைக் குறைக்கும். அதனால சுழலும் தடி மேல சுண்டெலி விழாம நிக்குதான்னும் பார்க்கணும். அதைப் பார்க்காம 'வலி நிவாரணி'ன்னு எழுதினா நான் நம்ப மாட்டேன்.

சரி, எல்லாம் ஒழுங்கா பண்ணிட்டாங்கன்னே வைங்க. வழக்கமா பார்க்கிறவங்களுக்கு நான் எங்க வரேன்னு தெரியும்: அளவு. எலிக்குக் குடுத்தது உடம்பு எடையில கிலோவுக்கு 200, 400 மில்லிகிராம், அதுவும் எத்தனால்ங்கிற ஆல்கஹால்ல இறக்கின சாறு. நீங்க சாப்பிடுறது பொடி. ஒரு நாளைக்கு 2 கிராம்னு வைங்க, பத்துல ஒரு பங்கு சாறு இறங்கும்னும் வைங்க. 200 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு, கிலோவுக்கு 3.3. உடல் பரப்பு வித்தியாசத்துக்காக, மனுஷ அளவை எலி அளவாக்க 6.2-ஆல பெருக்கணும். சுமார் 20 வருது. அவங்க குடுத்தது அதைப்போல பத்து, இருபது மடங்கு! அந்த அளவுக்கு நீங்க நாளைக்கு 20-லேர்ந்து 40 கிராம் பொடி முழுங்கணும். தோசை மாவுல ஒரு கைப்பிடி கீரை அரைச்சுப் போடுறதோட இதை எப்படிச் சேர்த்துப் பேசுறது? கஷாயமா குடிக்கிறதை கஷாயமா சோதிங்க. எத்தனால்ல இறங்கறது எல்லாம் தண்ணியில இறங்காது. நொச்சி கதை இன்னும் வேடிக்கை: ஜனங்க இலையை வதக்கி ஒத்தடம் குடுக்குறாங்க, எலிக்கு வாய்வழியா ஊத்துறாங்க.

மனுஷங்கள்ல சோதிச்சா, மூட்டு வலி தானாவே ஏறி இறங்கும். வலி உச்சத்துல இருக்கறப்பதான் ஆள் வருவார். சும்மா விட்டாலும் கொஞ்ச நாள்ல குறையும். அதான் அதே நிறம், அதே கசப்புல ஒரு போலி மருந்தும் வேணும். முடக்கத்தான் வாசனைக்குப் போலி செய்யறது லேசு இல்ல, காப்ஸ்யூல்ல அடைச்சுத்தான் சமாளிக்கணும். நடுவுல யார் எத்தனை பாராசிட்டமால் போட்டாங்கன்னும் குறிக்கணும்.

இதை விட, "நான் வாங்குற மூட்டுவலிப் பொடியில மூலிகைதான் இருக்கா"ன்னு கேட்டிருந்தா இன்னும் சந்தோஷப்பட்டிருப்பேன். மூலிகைப் பொடிங்கிற பேர்ல டெக்ஸாமெதசோன்ங்கிற ஸ்டீராய்டு, டைக்ளோஃபெனாக்ங்கிற வலி மாத்திரை கலந்து விக்கிறது பல தடவை பிடிபட்டிருக்கு. லேபிள் இல்லாத பொடி, ரெண்டே நாள்ல வலி மாயம், பசி கூடுது, சில வாரத்துல முகம் உப்புது, சர்க்கரை ஏறுதுன்னா ஸ்டீராய்டுன்னு சந்தேகப்படுங்க. பயந்து போய் சட்டுனு நிறுத்தவும் கூடாது. மாசக்கணக்கா ஸ்டீராய்டு போனா, உடம்போட சொந்த ஸ்டீராய்டைச் சுரக்கிற அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைச்சிருக்கும், திடீர்னு விட்டா ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். பொடி டப்பாவோட டாக்டர்கிட்ட போங்க, அவர் படிப்படியா குறைப்பார். மிச்சப் பொடியைத் தூக்கிப் போடாதீங்க, ஆய்வகத்துக்கு அதுதான் வேணும்.