பின்வாங்குதல் வேறு, ஓடுதல் வேறு

(காட்சி: மட்டக்களப்பு, அதிகாலைக் கல்லடிப் பாலம். குரல் மட்டும்.)

வணக்கம். "தந்திரோபாயப் பின்வாங்கல்" என்ற சொல்லைப் போர்க்கால வானொலியில் கேட்டுக் கேட்டுப் பழகிய காதுகள் நம்முடையவை. அதனாலேயே, பின்வாங்கினான் என்றால் தோற்றான் என்று எடுத்துக்கொள்கிறோம். அது சரியில்லை.

புறமுதுகிடுவது என்றால் அவனவன் தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவது. பின்வாங்குவதென்றால், எங்கே போய் நிற்பது என்பது புறப்படும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். வள்ளுவர் காலமறிதல் அதிகாரத்தில், 486ஆம் குறளில், சண்டைக் கடாவைக் காட்டுகிறார். அது பின்னுக்குப் போவது முட்டுவதற்காக.

(காட்சி: வரைபடம். இரண்டு நிறப் புள்ளிகள் மாறி மாறி நகர்கின்றன.)

போர்க்களத்தில் இதைச் செய்யும் முறை இப்படி. அணி இரண்டாகப் பிரியும். ஒரு பாதி நின்று சுட, மறுபாதி பின்னால் அடுத்த மேட்டுக்குப் போய் நிலையெடுக்கும். பிறகு அவர்கள் சுட, முன்னால் நின்றவர்கள் எழும்பி வருவார்கள். காயப்பட்டவர்களும் சாமான்களும் முதலில் போக வேண்டும். கனரக ஆயுதங்கள் அடுத்தது. கடைசியில் பின்காவல் அணி. எதிரி தொடராமலிருக்கப் பாலத்தைத் தகர்ப்பது, கடைசி ஆள் கடந்த பிறகே. இந்த வரிசை குழம்பினால் தெரு அடைபடும், பின்காவல் துண்டிக்கப்படும், மற்றவர்கள் ஆயுதத்தைப் போட்டுவிட்டு ஓடத் தொடங்குவார்கள்.

நெப்போலியனுக்கு நடந்ததைப் பாருங்கள். மொஸ்கோவைப் பிடித்துவிட்டு, ரஷ்யப் பேரரசர் சமாதானத்துக்கு வருவார் என்று ஐந்து கிழமை காத்திருந்தார். 1812 ஒக்டோபர் 19இல் புறப்பட்டபோது பனிக்காலம் நெருங்கிவிட்டது. நவம்பர் கடைசியில் பெரெசினா ஆறு குறுக்கே வந்தது. தளபதி எப்லேயின் ஆட்கள் உறைகுளிர் நீரில் இறங்கி நின்று இரண்டு மரப்பாலங்கள் போட்டார்கள். படை கடந்தது. 28ஆம் திகதி இரவு பாலம் வெறுமையாகக் கிடந்தும், களைத்துப்போன ஆயிரக்கணக்கானோர் நெருப்பை விட்டு எழும்பவில்லை. எப்லே கெஞ்சியும் பலனில்லை. மறுநாள் காலை பாலத்துக்குத் தீ வைத்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள். வழி திறந்திருந்த நேரத்தில் எழும்பாததுதான் அவர்களைக் கொன்றது.

(காட்சி: வட்டை. விதைத்துப் பச்சை பிடித்த வயல்.)

அரசியலில் பின்வாங்கல் இரண்டு வகை. ஒன்று கொடுத்த வாக்கிலிருந்து. இலங்கைப் பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் 1957 ஜூலை 26இல் கைச்சாத்திட்ட பண்டா–செல்வா ஒப்பந்தத்தை, எதிர்ப்புக்குப் பயந்து, 1958 ஏப்ரலில் பண்டாரநாயக்க கைவிட்டார். அடுத்து எங்கே நிற்பது என்று அவரிடம் திட்டம் இருக்கவில்லை. மே மாதம் கலவரம் வெடித்தது.

மற்றது, எடுத்த பிழையான முடிவிலிருந்து. இது நல்ல பின்வாங்கல், நேரத்துக்கு வந்தால். 2021 மே மாதம் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பர் 24இல்தான் தடையை விலக்குவதாக அறிவித்தார்கள். அம்பாறை, மட்டக்களப்பு வெள்ளாமைக்காரருக்கு இந்தத் திகதியின் கனம் தெரியும். பெரும்போக விதைப்பு ஒக்டோபர், நவம்பரில். விதைத்த இரண்டாம் கிழமையிலிருந்து பயிர் யூரியா கேட்கும். அந்தக் கிழமைகள் போனபின் வந்த கப்பலால் அந்தப் போகத்துக்குப் பெரிதாக என்ன பயன்?

ரமழான் கடைசிப் பத்தில் பள்ளிவாசலில் தங்கும் இஃதிகாஃபும், தேவாலயங்களின் மௌன தியானமும் ஒருவகை ஒதுங்கல்தான். அவற்றுக்கும் புறப்படும் நாள், திரும்பும் நாள் குறித்திருக்கும்.

(காட்சி: நாவலடிக் கடற்கரை.)

இனி நமக்கு மிக அவசியமானது. சுனாமிக்கு முன் கடல் உள்வாங்கும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். 2004 டிசம்பர் 26இல் தாய்லாந்துக் கரையில் அப்படித்தான் நடந்தது. நம் பக்கம், இலங்கையின் கிழக்குக் கரையில், முதலில் வந்தது உயர்ந்த நீர். கடல் உள்வாங்கியது அதற்குப் பிறகு. சுமாத்திராவில் நிலம் அதிர்ந்தபோது இங்கே பெரும்பாலானோருக்கு அது உணரப்படவும் இல்லை. ஆகவே கடல் வற்றும் என்று பார்த்திருக்கக் கூடாது. அறிவித்தல் வந்ததும் எழும்ப வேண்டும்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிய நிலத்தில் இருப்பவர்களுக்கு முன்னும் பின்னும் நீர். வீட்டிலிருந்து பாலத்தைக் கடக்க நடையில் எத்தனை நிமிடம்? அம்மம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒருக்கா நடந்து பாருங்கள், நேரத்தை எழுதி வையுங்கள். வாகனங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பினால் பாலம் அடைபடும். நேரம் போதாதென்றால் உறுதியான சீமெந்துக் கட்டடத்தின் மேல்மாடி எது என்று இப்போதே பார்த்து வையுங்கள். அடையாள அட்டை, காணி உறுதி, மருந்து எல்லாம் ஒரே பையில் கதவடியில் இருக்கட்டும். அந்த நேரத்தில் அலுமாரியைத் திறக்க வேண்டாம்.

முதல் அலை வடிந்ததும் மீன் பொறுக்கவோ வீட்டைப் பார்க்கவோ திரும்பாதீர்கள். அலைகள் மணிக்கணக்கில் வரும், பின்னால் வருவது பெரிதாகவும் இருக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. ஆபத்து நீங்கியதென்று அவர்கள் அறிவித்த பிறகே வீடு.