காதை நம்பினால் மார்க் போகும்

வணக்கம். காரைக்குடியிலிருந்து பேசுகிறேன். பஸ் ஹாரன் சத்தம் இடையிடையே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு வேலைக்கான எஸ்எஸ்சி, வங்கித் தேர்வுகளில் வரும் ஆங்கில எழுத்துப்பிழைக் கேள்விகளைப் பற்றித்தான் இன்றைய வீடியோ. தமிழக அரசின் குரூப் 4-க்குப் படிப்பவர்கள் தாராளமாக எழுந்து போகலாம். உங்களுக்குத் தமிழில் சந்திப்பிழை காத்திருக்கிறது, அதுவே போதும்.

கேமராவைத் திருப்புகிறேன், எதிரில் இருக்கும் போர்டைப் பாருங்கள். பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். தேக்குத் தூண், ஆத்தங்குடி டைல்ஸ், எல்லாம் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் போர்டில் 'அக்காமடேஷன்' என்ற சொல்லில் எம் ஒன்றுதான் இருக்கிறது. இரண்டு இருக்க வேண்டும். சி-யும் இரண்டு. இதைத் தாண்டித் தினமும் எத்தனையோ பட்டதாரிகள் போகிறார்கள், ஒருவருக்கும் உறுத்துவதில்லை.

ஏன் உறுத்துவதில்லை? நாம் காதால் எழுதிப் பழகியவர்கள். 'பாடு' வேறு, 'பாட்டு' வேறு. ஒற்று இருக்கிறதா இல்லையா என்று காதே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் அந்த இரண்டாவது எம்முக்குத் தனி ஓசை கிடையாது. காது எதைக் கேட்டுச் சொல்லும்? நம் ஊர்ப் பெயரையே ஆங்கிலத்தில் நடுவில் ஒரு கே போட்டும் எழுதுகிறார்கள், இரண்டு கே போட்டும் எழுதுகிறார்கள். என் காதுக்கு இரண்டு கே-தான் சரி, க் நன்றாகக் கேட்கிறதே! நல்லவேளை, ஊர்ப் பெயரைத் தேர்வில் கேட்பதில்லை.

ஆகவே நான் சொல்லும் வழி கொஞ்சம் விபரீதமானது. மனப்பாடம் செய்யும்போது ஆங்கிலத்தைத் தப்பாக உச்சரியுங்கள். தமிழைப் போல, எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒற்றை அழுத்திப் படியுங்கள். 'அக்-கொம்-மொ-டே-ஷன்'. 'எம்-பர்-ரஸ்-ஸ்', அதில் ஆர் இரண்டு, எஸ் இரண்டு. 'ஹ-ரஸ்-ஸ்', இதில் ஆர் ஒன்றுதான், எஸ் மட்டும் இரண்டு. இந்த இரண்டையும் அடுத்தடுத்து நாலு தடவை சொல்லிப் பாருங்கள். 'செ-பா-ரேட்' என்று நடுவில் பா-வை நீட்டினால், பி-க்குப் பின்னால் ஈ போடக் கை போகாது, ஏ-தான் வரும். 'குவெஸ்டியன்-னேர்', என் இரண்டு. வீட்டில் யாராவது கேட்டால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இன்டர்வியூவில் மட்டும் இப்படிப் பேசிவிடாதீர்கள்.

உச்சரிப்பால் பிடிபடாத இடமும் உண்டு. 'ரெஃபர்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்த காலத்தில் 'ரெஃபர்ட்' என்றாகும்போது ஆர் இரண்டு. 'ரெஃபரன்ஸ்' என்றால் ஆர் ஒன்று. ஒரே சொல்லின் பிள்ளைகள், ஏன் இந்த வித்தியாசம்? அழுத்தம் எங்கே விழுகிறது என்று பாருங்கள். 'ரெஃபர்ட்' சொல்லும்போது 'ஃபர்' மேல் அழுத்தம், அதனால் ஆர் இரட்டிக்கிறது. 'ரெஃபரன்ஸ்' என்னும்போது அழுத்தம் முன்னால் 'ரெ'-க்கு ஓடிவிடுகிறது, ஆர் ஒற்றையாக நிற்கிறது. 'ப்ரிஃபர்ட்', 'ப்ரிஃபரன்ஸ்' இரண்டும் இப்படித்தான். ஆனால் 'அக்கரன்ஸ்' என்பதில் அழுத்தம் நகராமல் 'க'-விலேயே இருப்பதால் ஆர் இரண்டு, முன்னால் சி-யும் இரண்டு. 'ஆஃபர்' முதல் அசையிலேயே அழுத்தம் வாங்குவதால் 'ஆஃபர்ட்' என்பதில் ஆர் ஒன்று போதும். இந்த ஒரு விதி பத்துப் பக்கப் பட்டியலுக்குச் சமம். அதற்கு அடங்காதது 'டிராவலர்'. அழுத்தம் முதலிலேயே இருந்தாலும் பிரிட்டிஷ் வழக்கில் எல் இரண்டு, அமெரிக்காவில் ஒன்று. நாம் பிரிட்டிஷ் வழக்கைப் பிடித்துக்கொள்வோம்.

'சீட்' என்று ஒலித்து முடியும் சொற்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 'எக்ஸீட்', 'ப்ரொசீட்', 'சக்ஸீட்' மூன்றிலும் சி-க்குப் பின் இரண்டு ஈ சேர்ந்து வரும். 'சூப்பர்சீட்' ஒன்றில்தான் சி வர வேண்டிய இடத்தில் எஸ். 'ப்ரிசீட்', 'கன்சீட்' போன்ற மற்றவற்றில் சி-க்குப் பின் ஒரு ஈ, கடைசியில் இன்னொரு ஈ. 'ப்ரொசீட்' என்பது 'ப்ரொசீஜர்' ஆகும்போது இரண்டு ஈ-யில் ஒன்று காணாமல் போய்விடும். பொறி வைக்கத் தோதான இடம் அது.

பிழைச் சொற்களை மட்டும் அச்சடித்து விற்கும் புத்தகங்களை வாங்காதீர்கள். தப்பையே திரும்பத் திரும்பப் பார்த்தால் அதுவும் கண்ணுக்குப் பழகிவிடும். அப்புறம் தேர்வறையில் இரண்டுமே சரி மாதிரி தெரியும்.

கடைசியாக மார்க் கணக்கு. பட்டதாரிகளுக்கான எஸ்எஸ்சி சிஜிஎல் முதல் நிலைத் தேர்வில் 60 நிமிடத்தில் 100 கேள்விகள். சரியான விடைக்கு 2 மார்க், தவறுக்கு 0.50 குறையும். நாலு சொல்லில் இரண்டைத் தள்ளிவிட்டு மீதி இரண்டில் சந்தேகம் என்றால், பயந்து விட்டுவிட்டு வராதீர்கள், ஒன்றைத் தொடுங்கள். கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது. ஆனால் தொடுவதற்கு முன்னால் கேள்வியை ஒருமுறை படியுங்கள். சில கேள்விகளில் பிழையான சொல்லைக் கேட்பார்கள், சிலவற்றில் சரியான சொல்லை. வங்கித் தேர்வாக இருந்தால், எந்தச் சொல்லிலும் பிழையில்லை என்ற விடையும் பட்டியலில் இருக்கலாம்.