கோப்பில் நால்வர், வீட்டில் ஐவர்

வணக்கம் நேயர்களே. ஆபத்தில் இருக்கும் ஒரு குடும்பம் வேறொரு நாட்டுக்குப் போய்ப் பத்திரமாக வாழ நாம் என்ன உதவி செய்யலாம் என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். பணம் கொடுக்கலாம் என்பதுதான் யாருக்கும் முதலில் தோன்றும். பணம் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் பார்த்தவரை பணம் இல்லாமல் நின்றுபோன குடும்பங்களைவிட, காகிதம் சரியில்லாமல் நின்றுபோனவையே அதிகம்.

ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். சொந்த நாட்டைவிட்டு ஓடிவந்து, என் வீட்டுக்குப் பக்கத்தில் ஒற்றை அறையில் இருந்தார்கள். கணவன், மனைவி, ஒரு பையன், அவனுடைய தங்கை, ஒரு பாட்டி. அந்தப் பெண் ஒருநாள் மாலை வந்து ஒரு பிளாஸ்டிக் உறையை என் மேசைமேல் கவிழ்த்தார். மடிப்பில் கிழிந்த பிறப்புச் சான்றிதழ், பள்ளிக் கடிதம், கடவுச்சீட்டுகள். ஒவ்வொன்றாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். பையனின் பிறந்த தேதி சான்றிதழில் 3, கடவுச்சீட்டில் 8.

"மூன்றா, எட்டா?" என்று கேட்டேன்.

"மூன்றுதான் அண்ணா. யாரோ எழுதும்போது எட்டாக்கிவிட்டார்கள். அப்போது யார் அதைப் பார்த்தார்கள்?"

சாதாரண வாழ்க்கையில் இது ஒன்றுமே இல்லை. மனுவில் இது பெரிய விஷயம். அதிகாரிக்கு அந்தக் குடும்பத்தைத் தெரியாது. அவருக்கு முன்னால் இருப்பது காகிதம் மட்டும்தான். காகிதமே ஒன்றோடொன்று முரண்பட்டால், அவர்கள் சொல்லும் மற்றதையும் சந்தேகிப்பார். பிறந்த நாட்டு அலுவலகத்துக்குப் போய்த் திருத்தலாம் என்றால், அங்கே போவதே உயிருக்கு ஆபத்து. கடைசியில் வழி காட்டியது பாட்டி. தன் துணி மூட்டையிலிருந்து பேரனின் பழைய தடுப்பூசி அட்டையை எடுத்து நீட்டினார். அதில் 3 என்று தெளிவாக இருந்தது. அந்த அட்டை, பள்ளிக் கடிதம், ஓர் உறுதிமொழிப் பத்திரம் மூன்றையும் சேர்த்து அந்த ஒரு எண்ணைச் சரிசெய்ய எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது.

அதனால் உதவப் போகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது, கூட உட்காருங்கள் என்பதுதான். பழைய அட்டை, ரசீது எதையும் தூக்கிப்போட விடாதீர்கள். எல்லாவற்றையும் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடமும் ஒரு பிரதி வையுங்கள். எந்த வருடம் எங்கே இருந்தார்கள், என்ன வேலை பார்த்தார்கள் என்று வரிசையாக எழுதிவையுங்கள். கனடா மாதிரி நாடுகள் 10 வருட விவரம் கேட்கும், நடுவில் ஒரு மாதம்கூட விடுபடக் கூடாது.

அப்புறம், எந்தக் கதவைத் தட்டுவது என்பது. இதில் தவறினால் வருடங்கள் வீணாகும். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை, இனம், மதம், நாட்டினம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழுவைச் சேர்ந்திருப்பது ஆகிய காரணங்களால் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தைத்தான் பேசுகிறது. வறுமை அந்தப் பட்டியலில் இல்லை. சொந்த நாட்டுக்குள் இருக்கும்வரை அந்த உடன்படிக்கையின்படி ஒருவர் அகதியும் ஆகமாட்டார். வறுமையால் தவிக்கும் குடும்பத்துக்கு வேலை விசாவோ, ஏற்கனவே வெளிநாட்டில் இருக்கும் உறவினரோதான் வழி. இல்லாத துன்புறுத்தலைக் கற்பித்துக் கதை எழுதிக் கொடுப்பவர்களிடம் தயவுசெய்து போகாதீர்கள். நேர்காணலில் பெரியவர்களைத் தனித்தனியாகக் கேட்பார்கள். மனப்பாடம் செய்த கதை அங்கே உடையும், உடைந்தால் உண்மையான பயமும் பொய் என்றாகிவிடும்.

ஐ.நா. அகதிகள் ஆணையம் எந்தச் சேவைக்கும் கட்டணம் வாங்குவதில்லை. வெளிநாட்டுக்கு அனுப்பும் பட்டியலில் பெயரை முன்னே நகர்த்தித் தருகிறேன் என்று யார் காசு கேட்டாலும் அது மோசடி. தஞ்சம் புகுந்த நாட்டிலிருந்து மூன்றாவதாக இன்னொரு நாட்டில் குடியமர்த்தப்படுபவர்கள் ஒரு வருடத்தில் உலக அகதிகளில் 1 சதவீதத்துக்கும் குறைவு. இந்த உண்மையைக் குடும்பத்திடம் சொல்லக் கஷ்டமாக இருக்கும். சொல்லிவிடுங்கள். நம்பிக்கை கொடுப்பதாக நினைத்து நாம் மறைத்தால், அவர்கள் இருக்கிற நகையையும் விற்றுவிட்டு விமான டிக்கெட்டுக்குக் காத்திருப்பார்கள்.

சாதாரண மக்களே கைகோத்துச் செய்யக்கூடிய வழியும் இருக்கிறது. கனடாவில் 1979 முதல் தனியார் பொறுப்பேற்புத் திட்டம் நடக்கிறது. ஐந்து பேர் சேர்ந்து ஒரு குடும்பத்துக்குப் பொறுப்பேற்கவும் அதில் வழி இருந்தது; 2024 நவம்பரில் அப்படிப்பட்ட ஐவர் குழுக்களின் புதிய மனுக்களை வாங்குவதை நிறுத்திவைத்தார்கள். வீடு, செலவு, பிள்ளைகளின் பள்ளி, மருத்துவர் என்று பொறுப்பேற்பவர்கள் பொதுவாக 12 மாதம் அந்தக் குடும்பத்தோடு நிற்க வேண்டும். இப்படி 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே போயிருக்கிறார்கள். நான் சொன்ன குடும்பத்துக்கும் அங்கே ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். அவர்களை நான் நேரில் பார்த்ததே இல்லை.

ஆனால் அந்த மனுவில் நான்கு பெயர்தான் இருந்தது. பல நாடுகளின் சட்டத்தில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, அவர்களைச் சார்ந்த பிள்ளைகள், அவ்வளவுதான். சார்ந்து வாழும் முதியவரைச் சேர்க்கச் சில திட்டங்களில் வழி உண்டு. அதை ஆரம்பத்திலேயே கேட்க வேண்டும். முதல் படிவத்தை யாரோ நிரப்பியிருந்தார்கள், நானும் அந்தப் பக்கத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. தடுப்பூசி அட்டையைக் கொடுத்த பாட்டி எந்தப் பக்கத்திலும் இல்லை. இது எனக்கு இன்னும் ஆறவில்லை.

1938 டிசம்பரிலிருந்து 1939 செப்டம்பரில் போர் வெடிக்கும் வரை நாஜிகளிடமிருந்து தப்பிய ஏறக்குறைய 10,000 பிள்ளைகளைப் பிரிட்டன் ஏற்றுக்கொண்டது. பெரும்பாலும் யூதப் பிள்ளைகள். இன்றைய செக் நாட்டின் பிராகா நகரிலிருந்து மட்டும் நிக்கோலஸ் விண்டன் என்ற ஆங்கிலேயரும் அவருடைய கூட்டாளிகளும் 669 பேரை ரயிலேற்றினார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வீடு, 50 பவுண்ட் பிணைத்தொகை என்று தேடித்தேடிச் செய்த வேலை அது. அனுமதி பிள்ளைகளுக்கு மட்டும்தான், பெற்றோருக்கு இல்லை. நடைமேடையில் கையசைத்தவர்களில் மிகப் பலரைப் பிள்ளைகள் மறுபடி பார்க்கவே இல்லை. யாரைக் காப்பாற்றினோம் என்று எண்ணும்போது, யார் நடைமேடையில் நின்றார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்று நினைக்கிறேன்.

நால்வரும் கிளம்பிய அன்று பாட்டி விமான நிலையத்துக்கு வரவில்லை. வாசலிலேயே பேத்தியின் சட்டைப் பொத்தானைச் சரியாகப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் என் போனுக்கு அழைப்பான். நான் அந்த அறைக்கு எடுத்துப் போவேன். பாட்டி முதலில் கேட்பது, "சாப்பிட்டாயா?" என்பதுதான். நேரம் அங்கே என்னவாக இருந்தாலும் அதைத்தான் கேட்பார்.

அவருக்காகத் தனி மனு போட்டிருக்கிறோம். அடுத்த வாரம் மருத்துவப் பரிசோதனைக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். நான்தான் கூட்டிப் போகிறேன்.

வணக்கம்.